41 வயதில் படம் வரையப் பழகுகிறேன்: கோலம் வரும் கைக்கு டம்ளர் ஏன் வரவில்லை?

கோலப்பொடி (ஈரோடு)

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. பத்து வயதிலிருந்து வாசலில் கோலம் போடுகிறேன். 21 புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இழுத்தாலும் கோடு தடுமாறாது. மார்கழியில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு நான்தான் போட்டுக் கொடுப்பேன்.

ஆனால் தாளில் ஒரு டம்ளர் வரைய வரவில்லை. மூன்று வாரமாக முயற்சி செய்கிறேன். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, சமையல் மேடையில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு வரைகிறேன். வாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. கஷ்டப்பட்டு நேராகப் போட்டால் டம்ளர் மேடையில் நிற்காமல் மிதப்பது போல இருக்கிறது.

எட்டாவது படிக்கும்போது டிராயிங் வகுப்பில் ஒரு முயல் வரைந்தேன். ஆசிரியர் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, "இது என்ன மிருகம், யாராவது சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு விட்டது. இப்போது என் பையன் எட்டாவது வந்திருக்கிறான். அவன் பெட்டியில் கிடந்த பென்சிலைக் கையில் எடுத்தபோது அந்த ஆசை அப்படியே திரும்பி வந்தது. இந்த முறை விடுவதாக இல்லை.

கை இவ்வளவு பழகியிருந்தும் டம்ளர் ஏன் வரவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

மாலைநேரப் பென்சில் (சென்னை)

அக்கா, நான் 34 வயதில் தொடங்கினேன், இப்போது 39. உங்கள் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! புதிதாகத் தொடங்குகிறவர்களின் கோடு நூல் பிரிந்த மாதிரி இருக்கும், சின்னச் சின்னதாகக் கீறிக் கீறிச் சேர்ப்பார்கள். அதை விட்டு ஒரே இழுப்பில் போட எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அதைக் கோலம் முன்பே கொடுத்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். வரையும்போது நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா? மூன்று படத்திலும் டம்ளரின் வாய் வெவ்வேறு அளவில் திறந்திருக்கிறது. அடி மட்டும் மூன்றிலும் நேர்கோடு.

கோலப்பொடி

முதல் படம் நின்றுகொண்டு வரைந்தது. மற்ற இரண்டும் ஸ்டூலில் உட்கார்ந்து. அடி நேர்கோடுதானே தம்பி? டம்ளர் மேடையில் தட்டையாகத்தானே உட்கார்ந்திருக்கிறது?

வாத்தியார்58 (கும்பகோணம்)

அம்மா, உங்கள் கடைசி வரியிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. அதற்கு முன்னால் முயல்.

33 வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். அந்த ஆசிரியர் செய்தது தப்பு. இதை ஓர் ஓவிய ஆசிரியர் வாயாலேயே நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 12, 13 வயதில்தான் பிள்ளைகள் வரைவதை விடுவதை வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். ஆறாவது வரைக்கும் மலை, சூரியன், குடிசை என்று சந்தோஷமாகப் போடுவார்கள். அப்புறம் கண் வளர்ந்துவிடும். தான் போட்டது நிஜம் போல இல்லை என்று தெரிய ஆரம்பிக்கும். கை அங்கே வந்து சேர்ந்திருக்காது. அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தாண்டிவிடும். சிரித்தால் நின்றுவிடும். நீங்கள் 28 வருடம் நின்றீர்கள்.

இப்போது டம்ளர். அது தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் *தெரியும்*. உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா? இதைச் செய்து பாருங்கள். டம்ளரைக் கையில் பிடித்து, கையை நீட்டி, வாய்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்வரை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வாய் வெறும் கோடாகிவிடும். அப்படியே மெல்ல இறக்குங்கள். கோடு திறந்து மெல்லிய நீள்வட்டமாகும். இடுப்பு வரை இறக்கினால் இன்னும் விரியும். தரையில் வைத்து நேர்மேலே நின்று பார்த்தால் முழு வட்டம். டம்ளர் மாறவில்லை, கண்மட்டத்திலிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறுகிறது.

சரி, இப்போது யோசியுங்கள். மேடையில் இருக்கும் டம்ளரின் வாயைவிட அதன் அடி உங்கள் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. அப்படியென்றால் அடி வாயைவிட அதிகம் வளைந்திருக்க வேண்டும். நீங்கள் அதை நேர்கோடாகப் போடுகிறீர்கள், டம்ளர் மிதக்கிறது.

வாய் சாய்வதற்கு வேறு காரணம். முதலில் டம்ளருக்கு நடுவே மேலிருந்து கீழ் ஒரு கோடு லேசாகப் போடுங்கள். நீள்வட்டத்தின் நீளமான அச்சு அந்த நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக விழ வேண்டும். வலக்கைக்காரர்களுக்குக் கை தானாகவே வலது ஓரத்தை மேலே தூக்கும். உங்கள் மூன்று படத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. இன்னொன்று, ஓரங்கள் கூர்மையாக, மீன் போல இருக்கின்றன. எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டமானாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும், முனை வராது. அடியைப் போடும்போது டம்ளர் கண்ணாடியால் செய்தது என்று வைத்துக்கொண்டு முழு நீள்வட்டத்தையும் லேசாகப் போட்டுவிட்டு, முன்பக்கத்தை மட்டும் அழுத்துங்கள்.

கோலம் ஏன் உதவவில்லை என்று கேட்டீர்கள். கோலத்தில் நீங்கள் அறிந்ததைப் போடுகிறீர்கள். எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியை இடமாகச் சுற்றுவது, எங்கே ஊடு போவது எல்லாம் மனதில் முன்பே இருக்கிறது. நம் சிற்பிகளின் வழியும் இதற்குச் சொந்தம்தான். முகத்தின் நீளம் ஒரு தாலம், அது 12 அங்குலம் (இந்த அங்குலம் இஞ்ச் இல்லை, சிலையின் அளவுக்கேற்ப மாறும் அலகு). பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாலம் என்ற அளவு என்றால் உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம். உளி தொடும் முன்பே உடல் முழுக்கக் கணக்கில் இருக்கும். அது பெரிய வித்தை. ஆனால் மேடையில் இருக்கிற ஒரு டம்ளரைப் பார்த்து வரைவது வேறு வித்தை. அங்கே தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, இந்த நிமிடம், இந்த இடத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதைப் போட வேண்டும். உங்கள் கை தயார். பழக வேண்டியது கண்.

கோலப்பொடி

ஐயா, முயலைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ரொம்ப நன்றிங்க.

நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கியதும் வாய் காணாமல் போய்விட்டது, ஒரு கோடு மட்டும் நின்றது. தினமும் காபி ஆற்றுகிற டம்ளர்தான். இத்தனை வருடத்தில் இதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தோம்.

அப்புறம் உட்கார்ந்து ஒன்பது டம்ளர் வரைந்தேன். ஏழாவதில் அடி மேடையில் நின்றது. உண்மையாகவே நின்றது. அதை இணைத்திருக்கிறேன். வாய் இன்னும் வலப்பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கிறது.

மாலைநேரப் பென்சில்

அக்கா, ஏழாவது டம்ளர் பிரமாதம்!

நோட்டை மேடையில் படுக்கவைத்து வரைகிறீர்களா? அப்படியென்றால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தள்ளிப் போய்விடும், வரையும்போது சரியாகத் தெரிந்தது தூக்கிப் பார்த்தால் நீண்டிருக்கும். ஒரு பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, மடியில் சாய்த்து, முகத்துக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைப் பொறியாளர்

இழையைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. என்ன பென்சில், என்ன தாள் வாங்குவது? நேராக டேப்லெட்டில் தொடங்கலாமா?

மாலைநேரப் பென்சில்

எச்பி, 2பி, 6பி. இந்த மூன்று போதும். பெரிய டப்பா வேண்டாம். பென்சில் கரியில் களிமண் கலந்திருக்கும், 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை அது. களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும், அது எச் பக்கம். குறைந்தால் மென்மை, கருமை, அது பி பக்கம். அப்சரா, நடராஜ், கேம்லின் எது கிடைத்தாலும் சரி. தாளுக்கு, கோட்டுப் பயிற்சி வரைக்கும் ஜெராக்ஸ் கடை ஏ4 தாளே போதும். நல்ல நோட்டு வாங்கினால் அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே வரைய மாட்டீர்கள். நிழல் போட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் சொரசொரப்பான 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் வாங்குங்கள், வழவழத் தாளில் 6பி படியாது.

டேப்லெட் பற்றி என் சொந்த அனுபவம். ஒரு வருடம் அதில்தான் வரைந்தேன். தப்பான கோட்டை ஒரு தட்டலில் அழித்துவிடலாம் என்பதால், போடுவதற்கு முன் பார்க்கும் பழக்கம் வரவே இல்லை. தாளுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நெல்லைப் பொறியாளர்

நன்றி. எச்பி, 2பி வாங்கியாச்சு. 6பி எங்கள் ஊர்க் கடையில் இல்லை.

கட்டம் போட்டவன் (சேலம்)

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றுகிறது. நான் 45 வயதில் தொடங்கினேன். போனில் இருக்கும் போட்டோவை அச்செடுத்து, அரை அங்குலக் கட்டம் போட்டு, பெரிய தாளில் ஓர் அங்குலக் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைகிறேன். ஆறு மாதத்தில் என் அம்மாவின் முகம் அப்படியே வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரும் தங்களுக்கும் கேட்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உடனே ஒரு நல்ல படம் கையில் கிடைப்பது பெரிய ஊக்கம். டம்ளரிலேயே மாதக்கணக்கில் நின்றால் பலர் விட்டுவிடுவார்கள்.

சுவரெழுத்து (மதுரை)

தம்பி, கட்டத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கு 20 வருடம் சோறு போட்டது கட்டம்.

சினிமா பேனர் பட்டறையில் 16 வயதில் சேர்ந்தேன். ஸ்டில் போட்டோவில் மெல்லிசாகக் கட்டம். துணியில் அதையே பெருக்கி நூல் அடிப்போம். நூலில் நீலப்பொடியைத் தேய்த்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒருவர் சுண்டிவிடுவார். சட்டென்று நேர்கோடு விழும். பத்து அடி முகத்தை அப்படித்தான் ஏற்றினோம். பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது அது கண்ணா, கன்னமா என்றே தெரியாது. வெறும் பழுப்பும் ரோஸும் கறுப்பும்தான். இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தால்தான் முகம் சிரிக்கும். இந்தப் பழக்கத்தை ஈரோட்டுத் தங்கச்சியும் எடுத்துக்கொள்ளலாம். வரைந்ததைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆறேழு அடி தள்ளிப் போய்ப் பாருங்கள். கண்ணாடியில் காட்டியும் பாருங்கள். வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பிறகு பிளக்ஸ் வந்தது. ஒரே வருடத்தில் பட்டறை மூடியது. அப்போது எனக்கு 37. வேறு வேலைக்குப் போனேன். ஒருநாள் சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, நடுவில் இருக்கிற மைய மண்டபத்தைச் சும்மா வரையலாம் என்று நோட்டை விரித்தேன். கையில் போட்டோ இல்லை, கட்டம் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. 20 வருடம் படம் போட்டவன், ஒரு மணி நேரம் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வயதில் நானும் முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்கினேன். அதனால்தான் இந்த இழையை விடாமல் படிக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு வழிகாட்டியது பென்சில் அளவு. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மண்டபத்தின் உச்சியைப் பென்சில் முனைக்கும், தண்ணீர் தொடும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் கொண்டுவந்தேன். அதே அளவைப் படுக்கவைத்து அகலத்தோடு ஒப்பிட்டேன். இது மாதிரி நாலு அளவு எடுத்த பிறகு தாளில் இடம் பிடிபட்டது. முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டத்தில் வரைகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். மாதத்தில் நாலு நாள் கட்டம் இல்லாமல், போட்டோ இல்லாமல், எதிரில் இருக்கிற ஒரு பொருளை வரையுங்கள்.

கட்டம் போட்டவன்

அண்ணா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் வான்கோ கூட நூல் கட்டிய மரச்சட்டம் வைத்துத்தானே வரைந்தார்? பெரிய ஓவியரே துணை வைத்துக்கொள்ளும்போது நாம் ஏன் கூடாது?

வாத்தியார்58

நல்ல கேள்வி. வான்கோ ஓவியராக வேண்டும் என்று முடிவெடுத்தது 1880இல், அப்போது அவருக்கு 27 வயது. சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் தயாரித்த பயிற்சித் தாள்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்ப நகலெடுத்தார். 1882இல் ஹேக் நகரில் இருந்தபோது, நடுவே நூல்கள் கட்டிய ஒரு மரச்சட்டத்தைச் செய்வித்து, அதைக் கடற்கரைக்கும் வயலுக்கும் தூக்கிக்கொண்டு போனார். ஆக, துணை வைத்துக்கொள்வது தப்பே இல்லை.

ஆனால் அவர் சட்டத்தின் வழியாக எதைப் பார்த்தார்? எதிரே இருந்த நிஜத்தை. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் எல்லாம் நகரும், வெளிச்சம் மாறும். அந்த நிஜத்தைத் தாளில் தட்டையாக்கும் வேலையை அவர் கண்ணே செய்தது. போட்டோவில் அதைக் கேமரா செய்து முடித்துவிடுகிறது. நீங்கள் அம்மா முகத்தைப் பொறுமையாக ஆறு மாதம் வரைந்திருக்கிறீர்கள், அது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பொறுமையோடு அம்மாவையே எதிரில் உட்காரவைத்து அரை மணி நேரம் வரைந்து பாருங்கள். படம் போட்டோ அளவுக்கு வராது. ஆனால் அவர் முகத்தில் நீங்கள் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்ப்பீர்கள்.

ஆனந்த விகடனில் வந்த ஓவியர் சில்பியின் கோயில் சிற்பக் கோட்டோவியங்களைப் பழைய பைண்டிங்குகளில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிற்பத்தின் எதிரே உட்கார்ந்து வரைந்தவர் அவர். கல்லின் மேல் விழுந்த வெளிச்சம்கூட அந்தக் கோடுகளில் இருக்கிறது.

கோலப்பொடி

அந்த மரச்சட்டம் விஷயத்தைப் படித்ததும் கடையில் கிடந்த சேலைப் பெட்டி அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி, கறுப்பு நூலை நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு கட்டிவிட்டேன். ஒன்பது கட்டம். இட்லிப் பானையையும் அதன் மூடியையும் அதன் வழியாகப் பார்த்து வரைந்தேன். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற எனக்கு இது ரொம்பச் சுலபமாகப் பழகிவிட்டது.

ஒரு சந்தேகம். எவர்சில்வர் பாத்திரத்துக்கு நிழல் போடவே வரவில்லை. அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துவிட்டது.

சுவரெழுத்து

தங்கச்சி, அழிப்பானை ஒரு வாரம் பையனிடம் கொடுத்துவிடுங்கள். தப்பான கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். தப்புக் கோடு இருந்தால்தான் எவ்வளவு தள்ளிப் போட்டோம் என்று அளக்க முடியும். அழித்துவிட்டால் கை அதே இடத்தில் அதே தப்பைத் திரும்பப் போடும்.

வாத்தியார்58

சுவரெழுத்து ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தாகூர் படம் வரைய வந்த வழியே அடித்தல் திருத்தல்தான். கவிதைக் கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்களைச் சும்மா விடாமல் ஒன்றோடொன்று கோடிழுத்துச் சேர்ப்பார், அதிலிருந்து பறவை மாதிரி, முகம் மாதிரி உருவங்கள் வந்தன. அறுபதைத் தாண்டிய பிறகுதான் முழு மூச்சாக வரைந்தார். முதல் கண்காட்சி 1930இல் பாரிசில்.

எவர்சில்வர் பற்றி: அதைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். அதில் தெரிவது பாத்திரத்தின் நிழல் மட்டும் இல்லை, ஜன்னல், டியூப்லைட், உங்கள் சேலை எல்லாம் அதில் தெரியும். கறுப்பும் வெள்ளையும் இடைவெளியில்லாமல் ஒட்டி ஒட்டி வரும். முதலில் ஒரு முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு மேஜை விளக்கு. வெள்ளைத் தாளின் மேல் முட்டை.

விளக்கைப் பார்த்த பக்கம் வெளுப்பு. அங்கிருந்து மெல்ல மெல்ல மங்கி, ஒரு பட்டை கருப்பாக வரும். உற்றுப் பாருங்கள், அதிகக் கருப்பு முட்டையின் ஓரத்தில் இல்லை. ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஓரம் லேசாக வெளுத்திருக்கும், ஏனென்றால் கீழே இருக்கிற தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி முட்டையின் மேல் விழுகிறது. அந்த மெல்லிய வெளுப்பை விட்டுவைத்தால்தான் முட்டை உருண்டையாகத் தெரியும். ஓரம் வரைக்கும் கருப்பை அப்பினால் தட்டையாகிவிடும். முட்டை தாளைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்னக் கருங்கீற்று இருக்கும், படம் முழுவதிலும் அதுதான் அதிகக் கருப்பு.

விரலால் தேய்க்க வேண்டாம். கண்ணைப் பாதி மூடி இடுக்கிப் பாருங்கள். சின்ன விவரம் எல்லாம் மறைந்து, எது வெளுப்பு எது கருப்பு என்பது மட்டும் நிற்கும்.

காவிரிக்கரை (திருச்சி)

எனக்கு 66 வயது. இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. மருத்துவர் பார்த்துவிட்டார், வயதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். சின்ன வயதிலிருந்து இருந்த ஆசை. நேர்கோடு போட முடியாதவன் வரையலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.

சுவரெழுத்து

தாராளமாக வரையலாம், ஐயா. பட்டறையில் எங்களுக்கு முதல் நாள் சொன்னதே, "மணிக்கட்டால போடாதே, தோளால போடு" என்பதுதான். சின்னத் தாளில், பென்சில் முனையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை ஊன்றிப் போட்டால் நடுக்கம் முழுவதும் கோட்டில் இறங்கும். பெரிய தாளாக எடுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். சுவரில் ஒட்டுங்கள். நின்றுகொண்டு, பென்சிலை நடுவில் தளர்வாகப் பிடித்து, முழுக் கையையும் வீசிப் போடுங்கள். போடுவதற்கு முன் தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு தடவை அதே கோட்டை ஓட்டிவிட்டு, மூன்றாவது தடவை தொடுங்கள்.

மாலைநேரப் பென்சில்

ஐயா, ஓவியர் ஆதிமூலத்தின் காந்திக் கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள், காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் வரைந்தவை. மழமழப்பான கோடு அதில் இல்லை. கோடு தடிக்கும், மெலியும், உடையும். காந்தியின் நடையும் கூனும் அதில் அப்படியே இருக்கும். நேர்கோட்டுக்கு அளவுகோல் இருக்கிறது. உங்கள் கோடு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று. பொருளின் ஓரத்தை வரைவது கஷ்டமாக இருந்தால், பொருளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை வரையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டால், கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவில் தெரிகிற சுவர்த் துண்டு, கால்களுக்கு நடுவில் தெரிகிற தரைத் துண்டு. அந்தத் துண்டுகளுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் மனதில் அதற்கு ஒரு படமும் இல்லை, பார்த்துத்தான் ஆக வேண்டும். எல்லாத் துண்டையும் போட்டு முடித்தால் நாற்காலி தானாக நிற்கும். எனக்கு முதன்முதலாகச் சரியாக வந்த நாற்காலி இப்படி வந்ததுதான்.

காவிரிக்கரை

காலண்டர் தாளில் போட்டேன். வாழை மரம். பெரிய கோடுகளில் நடுக்கம் தெரியவே இல்லை, சின்ன இடங்களில் தெரிகிறது. இலைக் கிழிசலுக்கு அந்த நடுக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. தினமும் காலையில் ஒரு தாள் என்று வைத்திருக்கிறேன்.

கட்டம் போட்டவன்

அம்மாவை உட்காரவைத்து வரைந்தேன். 20 நிமிடத்துக்கு மேல் அவர்களால் உட்கார முடியவில்லை. படம் அம்மா மாதிரி வரவில்லை. கண்களை ரொம்ப மேலே வைத்துவிட்டேன், நெற்றியே இல்லை. ஆனால் அம்மாவின் இடது புருவம் வலதைவிடத் தாழ்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். போட்டோவில் ஆறு மாதம் பார்த்த முகம்.

வாத்தியார்58

மிகவும் சந்தோஷம். கண்ணை மேலே வைப்பது எல்லாரும் செய்கிற தவறு. முகம் என்றதும் நம் கவனம் கண், மூக்கு, வாயில்தான் இருக்கும், அதனால் அவற்றைப் பெரிதாக்கி மண்டையைச் சுருக்கிவிடுகிறோம். உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்தால் கண் ஏறக்குறைய நடுவில் இருக்கும். பென்சிலால் அளந்து பாருங்கள், நம்பவே முடியாது. ஆனால் இதையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அம்மா தலையைக் கொஞ்சம் குனிந்தாலே கணக்கு மாறிவிடும்.

கோலப்பொடி (இரண்டு மாதம் கழித்து)

இழையை விட்டுப் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆடித் தள்ளுபடி, கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் பெரும்பாலான நாள் ராத்திரி 20 நிமிடம் உட்கார்ந்தேன். நோட்டில் 64 டம்ளர், 11 முட்டை, இட்லிப் பானை, பையனுடைய செருப்பு, தேங்காய் மூடி. முட்டையில் வாத்தியார் ஐயா சொன்ன அந்த ஓரத்து வெளுப்பை ஐந்தாவது முட்டையில்தான் கண்டுபிடித்தேன். இப்போது எதைப் பார்த்தாலும் அது தெரிகிறது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் கன்னத்தில், குழாயடியில் கவிழ்த்த குடத்தில், எல்லாவற்றிலும்.

போன வாரம் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தோடு அவரை வரையலாம் என்று உட்கார்ந்தேன். முறத்தின் வளைவு வந்தது, மடியில் சேலை மடிப்பு ஓரளவு வந்தது. கை வரவில்லை. ஒரு விரலைப் போடுவதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறார், ஆனால் நிறுத்திய கை கீரை ஆய்கிற கையாக இல்லை, சும்மா வைத்த கையாகிவிடுகிறது. அசைந்துகொண்டே இருப்பவரை எப்படி வரைவது?

சுவரெழுத்து

நிறுத்தச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் வரையாமல் பாருங்கள். கீரை ஆய்கிற கைக்கு மூன்று, நாலு இடம்தான் உண்டு. கட்டிலிருந்து ஒரு தண்டை எடுக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலையைக் கிள்ளும், முறத்தில் போடும், தண்டைத் தள்ளும். மறுபடி அதே இடத்துக்கு வரும். அதில் ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கிள்ளுகிற இடம் நல்லது. கை அங்கே வரும்போது ஒரு கோடு. போய்த் திரும்பி வரும்போது இன்னொரு கோடு. நடுவில் போகிற நேரம் பார்க்கிற நேரம். ஒரே தாளில் ஓரமாக இன்னொரு கையும் தொடங்கி வைத்துக்கொள்ளலாம், முறத்தில் போடுகிற கை. எது வருகிறதோ அதில் கோட்டைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

கோலப்பொடி

சரிங்கண்ணா. அடுத்த கீரை வியாழக்கிழமைதான், எங்கள் பக்கம் கீரைக்காரம்மா அன்றைக்குத்தான் வருவார். முருங்கைக்கீரையாக வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஆய நேரம் ஆகும்.